உமிக்கு மேல் ஒரு விரற்கடை ராகி

பனையோலைக் கூடை அது. விளிம்பு பிய்ந்துபோகாமல் இருக்கப் பழைய சேலைத் துணியைச் சுற்றித் தைத்திருக்கும். தலை தட்டிய ராகியோடு அதை என் சின்னம்மா கோயில் அறைக்குக் கொண்டுவந்து என் முன்னால் இறக்கி வைத்தாள். கனத்தை இறக்குகிறவர்கள் எப்படி முதுகை வளைப்பார்களோ அப்படியே வளைத்துத்தான் இறக்கினாள். தானியத்தில் ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. வழக்கம்போல் விரல்களை உள்ளே விட்டேன். ஒரு விரற்கடை ஆழத்தில் ஒரு துணி தட்டுப்பட்டது. அதன் ஓரத்தை விலக்கினால் கீழே நெல் உமி. கூடை முழுக்க உமிதான். ராகி உமிக்குள் இறங்கிவிடாமல் இருக்கத் துணியை விரித்து, அதன்மேல் ராகியைப் பரப்பியிருந்தாள். நிமிர்ந்து பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. ராகிக்குள் இருந்த என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் விரல்களை வெளியே எடுத்து, கலைந்த ராகியை உள்ளங்கையால் நிரவி, முன்பு இருந்தது போலவே ஆக்கினேன். அது நடந்து இருபத்தேழு வருஷம் ஆகிறது. அன்று நான் நிரவியது ராகியை மட்டும் அல்ல என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

சின்னம்மா என் அப்பாவின் தம்பி மனைவி. எங்கள் ஊர் கோபாலபுரத்துக்கு மேற்கே, வண்டிப்பாதையை விட்டுத் தள்ளி இருக்கும் மேட்டுக்காட்டு ஊர். பாலக்காட்டுப் பக்கம் என்றால் எங்கும் ஆறும் நெல்வயலுமாக இருக்கும் என்று நினைக்கிறவர்கள் எங்கள் கிழக்கு மூலையைப் பார்த்ததில்லை. மேற்கே பெய்கிற மழை எங்கள் ஊருக்கு வந்து சேரும்போது வெறும் காற்றாகத்தான் வரும். கிணறு வைத்திருப்பவன் பண்ணாடி. இல்லாதவன் அவனிடம் ஆள். நான் பாலக்காட்டு ஹைஸ்கூலில் படித்து முடித்து ஊருக்குத் திரும்பிய சமயம், அடுத்தடுத்து இரண்டு வருஷம் மழை பொய்த்தது. முதல் வருஷம் ஆட்கள் கிழங்கும் கீரையும் தேடித் தின்றார்கள். இரண்டாம் வருஷம் கீரையும் இல்லை. கிழக்கேயிருந்து குடும்பம் குடும்பமாக நடந்து வருகிறவர்கள் எங்கள் புளியமரங்களின் அடியில் படுத்தார்கள், சிலர் எழுந்திருக்கவில்லை.

அப்போதுதான் ஊர்க்கூட்டம் கூடி, மாரியம்மன் கோயில் மைதானத்தில் கஞ்சித் தொட்டி வைப்பதென்று முடிவு செய்தது. நிலமுள்ள ஒவ்வொரு வீடும் அதன் காட்டின் அளவுக்குத் தக்கபடி வாரம் ஒருமுறை ராகி கொடுக்க வேண்டும். அதிகம் வைத்திருப்பவர் அதிகம் கொடுக்க வேண்டும் என்பதை அன்று யாரும் மறுக்கவில்லை. தானியத்தை வாங்கி வைப்பதும், மத்தியானம் கஞ்சி ஊற்றும்போது மேற்பார்ப்பதும் என் பொறுப்பு. நாலெழுத்துப் படித்தவன் ஊரில் நான் ஒருவன்தான். எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

கொடுக்க ஆரம்பித்துப் பத்து நாள் ஆவதற்குள் கொடுக்கிறவர்களுக்கு வாங்குகிறவர்கள்மேல் சந்தேகம் வந்துவிட்டது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு விஷயம் வியப்பாக இருக்கிறது. அவர்களில் கெட்டவர் என்று ஒருவரைக்கூட என்னால் சொல்ல முடியாது. தங்கள் வீட்டுக் குதிரில் கைவிட்டால் அடி தட்டுகிற நிலையில்தான் பலரும் அள்ளிக் கொடுத்தார்கள். ஆனாலும் ஒரு அகப்பைக் கஞ்சி தகுதியில்லாத ஒரு வாய்க்குள் போய்விட்டால், பசித்த நூறு வாய்க்குள் போனது அவர்கள் கண்ணில் படுவதில்லை. நாங்கள் முதலில் ஓலைச் சீட்டு கொடுத்திருந்தோம். சிலர் ஒருநாள் தாங்கள் கஞ்சி குடித்துவிட்டு, மறுநாள் அந்தச் சீட்டைக் கிழக்கத்தி உறவுக்காரருக்கு இரவல் கொடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் மறுபடியும் கூட்டம் கூடியது. தொட்டியை மூடிவிட வேண்டும் என்று பாதிப்பேர் சொன்னார்கள். அதில் சத்தமாகச் சொன்னவர் என் சித்தப்பா.

சித்தப்பா சோம்பலே அறியாதவர். ஆள் வைக்காமல் தன் கிணற்றைத் தானே இறங்கித் தோண்டினவர். எட்டு ஏக்கர் மேட்டுக்காட்டை இரண்டு கைகளால் திருத்தினவர். ஆகவே அவர் பேச்சுக்கு ஊரில் மதிப்பு உண்டு. "உக்காந்து உங்கறவனுக்கு நாம எதுக்கு ஏரோட்டோணும்?" என்று, உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களைச் சாடி, அவர் கேட்டார். எல்லோரும் தலையாட்டினார்கள். இந்தக் கேள்வியை அதற்கு முன்பும் அவர் பலமுறை கேட்டிருக்கிறார். ஏரோட்ட ஈரம் எங்கே இருக்கிறது என்று யாரும் அவரைத் திருப்பிக் கேட்டதில்லை.

தொட்டி மூடப்படாமல் இருக்க ஒரு வழி சொல்ல வேண்டும் என்று நான் தவித்தேன். என் வேட்டியின் மூலையில் இருந்த கறுப்புப் புள்ளி கண்ணில் பட்டது. எந்த வீட்டுத் துணி என்று தெரிவதற்காகச் சலவைக்காரர் சேங்கொட்டையின் பாலை முள்ளால் தொட்டுக் குத்தி வைக்கும் குறி அது. துணி கிழியும், குறி போகாது. இரவல் கொடுக்க முடியாத சீட்டு கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். விசாரித்து, உண்மையாகவே கதியில்லாத குடும்பம் என்று தெரிந்தால், அந்தக் குடும்பத்துக்கு ஒருவர் மணிக்கட்டில் குறி வைப்போம். குறி உள்ள கைக்குத்தான் கஞ்சி என்று சொன்னேன். சித்தப்பா முதலாவதாக ஒத்துக்கொண்டார். எனக்கு வந்த உற்சாகத்தில், "குறியில்லாத கைக்கு ஒரு அகப்பை ஊத்துனாலும் அன்னைக்கே தொட்டிய மூடிப்போடலாமுங்க" என்று நானே சபதம் போலச் சொல்லிவைத்தேன். கூட்டத்தின் ஓரத்தில் நின்ற சலவைக்காரப் பெரியவர், "மேலுக்கு ஆகாதுங்க. புண்ணாயிரும்," என்றார். ஒரு பொட்டு அளவுதானே என்று அவரை அடக்கிவிட்டோம். அந்தப் பொட்டு எத்தனை நாள் கொப்புளமாக நின்று, எத்தனை மாதம் புண்ணாக ஒழுகும் என்பது அவருக்குத் தெரியும். எங்களுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் நாங்கள் நிற்கவில்லை.

குறி வைத்த முதல் நாள் வரிசையில் நின்ற ஒரு கிழவி மணிக்கட்டை நீட்டிக்கொண்டே, "பண்ணாடி ஊட்டு வேட்டிக்கும் குறி, எங்களுக்கும் குறி. வெள்ளாவியில மட்டும் வெச்சுப்போடாதீங்க சாமி," என்றாள். வரிசை முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். சாதிக்கு ஒன்றாக அங்கே வரிசைகள் இருந்தன. அதைப்பற்றி அன்று யாரும் யோசித்ததில்லை, நானும் யோசித்ததில்லை. எங்கள் சாதிக்கு மட்டும் வரிசை கிடையாது. கொடுக்கிறவர்களுக்கு எதற்கு வரிசை?

குறி வந்தபிறகு தொட்டி ஒழுங்காக நடந்தது. அந்த நாட்களில்தான் சின்னம்மாவின் கூடையில் நான் உமியைக் கண்டேன். கஞ்சி வாங்குகிறவர்கள் எங்களை ஏமாற்றாமல் இருக்க அவர்கள் உடம்பில் குறி வைத்துக்கொண்டிருந்தோம். இங்கே ஒருத்தி, கொடுப்பதற்காக ஏமாற்றிக்கொண்டிருந்தாள். சித்தப்பாவின் கிணறு சேறாகி வெகு நாள் ஆயிற்று என்பதும், மாடுகளை அவர் பொள்ளாச்சிப் பக்கம் ஓட்டிக்கொண்டு போனது மேய்ச்சலுக்கு அல்ல என்பதும் அந்த ஒரு விரற்கடை ராகியில் எனக்கு விளங்கின. ஆனால் அவர் வீட்டுப் பங்கு நின்றுபோனால் ஊர் கேட்கும். "உக்காந்து உங்கறவன்" என்று பேசிய வாய் என்ன பதில் சொல்லும்? வீட்டில் மிச்சமிருந்த ராகியை வாரம் தவறாமல் அவர் தொட்டிக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறார். அதில் பெரும்பகுதியைப் பிள்ளைக்கு வைத்துக்கொண்டு, உமியை அடியில் போட்டு அனுப்பியது சின்னம்மா. அவளுக்கு நாலு வயதில் ஒரு பெண் இருந்தாள்.

மூன்று வாரம் அந்தக் கூடை வந்தது. மூன்று வாரமும் நான் மேலே இருந்த ராகியை மட்டும் வழித்துத் தொட்டித் தானியத்தோடு சேர்த்தேன். உமியை ஒருவரும் பார்க்காமல் அடுப்புக்குள் தள்ளினேன். நான் காட்டிக் கொடுத்தால் அந்த வீட்டின் மானம் போகும். பேசாமல் இருந்தால் உயிர் போகும். நடுவில் ஒரு வழி கண்டுபிடித்ததாக நினைத்து, எங்கள் வீட்டிலிருந்து ஒரு கூடை ராகியைச் சித்தப்பா வீட்டுக்கு நானே தூக்கிக்கொண்டு போனேன். அவர் வாசலில் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். கன்னம் ஒட்டியிருந்தது, ஆனால் முகத்தை வழித்துச் சுத்தமாக இருந்தார். "வா சாமி, உண்டுபோட்டுப் போலாம்," என்று உள்ளே பார்த்துச் சொன்னார். அடுப்படியில் சின்னம்மா அசையாமல் நிற்பது தெரிந்தது. நான் சாப்பிட்டுவிட்டு வந்ததாகப் பொய் சொன்னேன். கூடையைத் திண்ணையில் வைத்தேன்; எதற்கு என்று அவர் கேட்கவில்லை. மறுநாள் காலை அதே கூடை, நான் கட்டிய முடிச்சுகூட அவிழ்க்கப்படாமல், கோயில் அறை வாசலில் இருந்தது. "நம்மூட்டுக்குக் கூடுதலாயிருச்சு. தொட்டிக்கு எடுத்துக்க," என்று சித்தப்பா சொல்லிவிட்டுப் போனார். அவருக்குக் கொடுப்பதற்கு இந்த உலகத்தில் ஒரு வழியும் இல்லை என்று எனக்கு அன்று தோன்றியது.

அதற்கு நாலைந்து நாள் கழித்து, உச்சிவெயிலில், கஞ்சி ஊற்றிக்கொண்டிருக்கும்போது வரிசையில் திடீரென்று பேச்சு நின்றது. சின்னம்மா வந்திருந்தாள். தலையில் கூடை இல்லை. இடுப்பில் பெண்ணை வைத்திருந்தாள். அந்தக் குழந்தையின் தலை தோளில் நிற்காமல் பின்னால் சாய்ந்தபடி இருந்தது. நிற்பதற்கு எங்கள் வரிசை என்று ஒன்று இல்லாததால், பண்ணை ஆட்களின் வரிசையின் கடைசியில் போய் நின்றாள். அவளுக்கு முன்னால் நின்ற பெண், பழக்கத்தில், "நீங்க முன்னால போங்க பண்ணாடிச்சி," என்று விலகினாள். "நீ முன்னால வந்தவ. நீ போ," என்றாள் சின்னம்மா. அந்தப் பெண் நகராமல், விலகவும் முடியாமல் பாதி திரும்பியபடியே நின்றாள். ஒவ்வொருவராகக் கஞ்சி வாங்கிப் போனார்கள். யாரும் போய் உட்காரவில்லை.

என் முன்னால் வந்ததும் அவள் குழந்தையை இடது தோளுக்கு மாற்றிக்கொண்டு வலது கையை நீட்டினாள். உள்ளங்கை மேலாக, மணிக்கட்டு தெரிய.

"சின்னம்மா, ஊட்டுக்குப் போங்க. நான் கொண்டாரனுங்க," என்றேன்.

"கொண்டாந்தா மறுக்காவும் இங்கதான் வரும். போடு சாமி."

"குறி வேண்டாமுங்க உங்களுக்கு. போசியக் குடுங்க, ஊத்தறேன்."

அவள் குரலை உயர்த்தவில்லை. "எல்லாரும் பாத்துட்டு நிக்கறாங்க. குறியில்லாம எனக்கு ஊத்துனீன்னா நாளைக்கு இவுங்களுக்கும் இருக்காது. நீ சொன்ன பேச்சுத்தான அது."

நான் சொன்ன பேச்சுதான். சுற்றிலும் பார்த்தேன். கோயில் மதில் ஓரமாகப் பண்ணாடிகள் இருவர் நின்றிருந்தார்கள். அவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள், ஆனால் போகவில்லை. நான் முள்ளை எடுத்தேன். மற்றவர்களுக்கு எள்ளளவு புள்ளி வைத்த நான் அன்று முள்ளை அளவுக்கு மேல் தோய்த்துவிட்டேன். சேங்கொட்டைப் பால் சிந்தி வழிந்து, அவள் மணிக்கட்டில் புளியங்கொட்டை அகலத்துக்குப் படர்ந்துவிட்டது. அவள் கையை இழுக்கவில்லை. கஞ்சியை வாங்கி, அங்கேயே மண்ணில் உட்கார்ந்து, விரலால் தொட்டுத் தொட்டுக் குழந்தையின் வாயில் வைத்தாள். முதலில் அது வழிந்தது. பிறகு குழந்தை விழுங்குவது தொண்டையில் தெரிந்தது. அந்தக் குழந்தை பிழைத்தது.

அன்று சாயங்காலம் சித்தப்பா அந்தக் கையைப் பார்த்தார். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம்: "எந்த வரிசையில நின்னே?" சின்னம்மா சொன்னாள். விடிந்ததும், ஏலக்காட்டுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று வண்டன்மேட்டுப் பக்கம் புறப்பட்டுப் போய்விட்டார். அந்த எட்டு ஏக்கரின் பண்ணாடி அங்கே கங்காணியின் கீழ் ஏலச்செடிக்குக் களை எடுத்ததாக, அந்தப் பக்கம் போய்வந்த ஒருவர் சொன்னார். அவரிடம் சித்தப்பா ஒரு துணி முடிச்சில் ஒரு கைப்பிடி ஏலக்காய் கொடுத்து அனுப்பியிருந்தார். வேறு சேதி இல்லை. அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சலில் இறந்துபோனார். சோறு கிடைக்கும் இடத்தில்தான் இறந்தார் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அது எந்த வகையில் ஆறுதல் என்று எனக்குத் தெரியவில்லை.

மழை வந்தது, தொட்டி எடுக்கப்பட்டது, குறிகள் போகவில்லை. அறுப்புக் காலத்தில் ஆட்கள் கூலித் தானியம் சற்றுக் கூட்டிக் கேட்டபோது, பண்ணாடிகள் அவர்கள் முகத்தைப் பார்க்காமல் மணிக்கட்டைப் பார்த்தார்கள். "கஞ்சி ஊத்தினது மறந்துபோச்சா?" என்று கேட்டார்கள். குறி உள்ளவர்களுக்குத் தொட்டிக்கை என்று ஒரு பட்டப்பெயர் வந்தது. அவர்கள் பிள்ளைகளையும் அப்படியே கூப்பிட்டார்கள். ஒரு வருஷக் கஞ்சிக்கு எத்தனை வருஷம் தலை குனிய வேண்டும் என்று ஊர் எங்கும் எழுதி வைக்கவில்லை.

சின்னம்மாவின் புண் ஆறுவதற்கு ஆறு மாதம் ஆயிற்று. ஆறிய இடம் தீய்ந்த தோல்போலக் கறுத்து, சுருங்கி நின்றது. அகலமான காப்புப் போட்டால் மறைந்துவிடும் என்று என் அம்மா ஒன்றைக் கொடுத்தாள். அவள் வாங்கிக்கொண்டாள், போட்டுக்கொள்ளவில்லை. ஒறம்பரை, சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களில் அந்தக் கையால்தான் பரிமாறுவாள். இலையை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். அவளும் பார்த்திருப்பாள், அடுத்த இலைக்குப் போய்விடுவாள். என்னை அவள் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. குறை சொல்லியிருந்தால் பதிலுக்கு நான் ஏதாவது சொல்லியிருப்பேன். போன வருஷம் அவள் இறந்தபோது, நெஞ்சின்மேல் சேர்த்துவைத்த கைகளில் வலது மணிக்கட்டை யாரோ சேலைத் தலைப்பால் மூடியிருந்தார்கள்.

இதையெல்லாம் இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் உண்டு. அப்பாவின் காடு பங்கு பிரிந்து கைவிட்டுப் போனபிறகு, நான் பாலக்காட்டுச் சித்தூருக்குப் பக்கத்தில் ஒரு கடலை மண்டியில் குமாஸ்தாவாக இருந்தேன். விலையெல்லாம் விழுந்த இந்த வருஷங்களில் மண்டி மூடிவிட்டது. வேறு இடத்தில் வேலை இல்லை. எனக்கு ஒரே பெண், பதினோரு வயது. அவள் படிக்கிற பள்ளிக்கூடத்தில் ஏழைப் பிள்ளைகளுக்கு மத்தியானக் கஞ்சி ஊற்றுகிறார்கள். ஊரில் வசதி உள்ளவர்கள் வீடு வீடாக அரிசி கொடுத்து அது நடக்கிறது. மண்டி நடந்த நாளில் நானும் கொடுத்தேன். கொடுத்துவிட்டு, பட்டியலில் உள்ள இன்னாருக்கு ஓட்டு வீடு இருக்கிறதே என்று கேட்டவர்களில் நானும் ஒருவன். எல்லாம் தெரிந்த நான்தான் அப்படிக் கேட்டேன். பட்டியலில் சேர வேண்டுமானால், கொடுக்கிறவர்கள் கூடியிருக்கும்போது தகப்பன் வந்து, வருமானம் இல்லை என்று சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். பிறகு பிள்ளைக்கு விளிம்பில் சிவப்புச் சாயம் பூசிய தகரத் தட்டு. தட்டு காணாமல் போகக்கூடாது என்பதற்காகத்தான் சிவப்பு; அவர்களுக்கு வேறு எண்ணம் இல்லை. எங்களுக்கும் அன்று வேறு எண்ணம் இருக்கவில்லை.

மண்டி மூடிய பிறகும் என் மகள் தினமும் மூடி போட்ட தூக்குப்போசியோடுதான் பள்ளிக்குப் போய்வந்தாள். பழையது இருந்தது என்பாள். அவள் அம்மா கொடுத்திருப்பாள் என்று நான் நினைத்தேன். நான் ஏதோ கொடுத்துவிட்டதாக அவள் அம்மா நினைத்தாள். போன திங்கட்கிழமை ஆணியிலிருந்து போசியை எடுத்து அவளிடம் கொடுக்கப் போனேன். நல்ல கனமாக இருந்தது. உள்ளே ஏதோ அலம்பியது. மூடியைத் திறந்தேன். கழுத்துவரை தண்ணீர். நிமிர்ந்தால் என் மகள் கதவோரம் நின்று, என் முகத்தைப் பார்க்காமல் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மூடியை அழுத்திப் போட்டு அவளிடம் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டு போனாள். தெருமுனை திரும்பியபிறகுதான் நான் என்ன செய்தேன் என்று எனக்கு விளங்கியது.

நேற்றுப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அரிசி கொடுக்கிறவர்கள் நாலு பேர் பெஞ்சில் இருந்தார்கள். மூவர் எனக்குத் தெரிந்தவர்கள். ஒருவர், "உங்களுக்குமா?" என்றார். கேலி இல்லை அதில், பரிதாபம்தான். கையெழுத்துப் போட்டேன்.

இன்று காலை அவள் போசியை மொண்டு நிரப்பி மூடிவிட்டுப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் போசியை எடுத்துக்கொண்டு புறக்கடைக்குப் போய்த் தண்ணீரை முருங்கையின் அடியில் கொட்டினேன். பின்னாலேயே வந்து நின்றாள்.

"போசியில்லாம போனா எல்லாரும் பாப்பாங்களேப்பா," என்றாள்.

"பாக்கட்டும் அம்மிணி. உம் பேரு பட்டியல்ல இருக்குது. தட்டை வாங்கி உண்டுபோட்டு வா."

அவள் அழவில்லை. புத்தகத்தை இரண்டு கைகளாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு போனாள். மறைத்துக்கொள்ள அவளிடம் இப்போது ஒன்றுமில்லை. நான் அவளுக்குச் சோறு வாங்கிக் கொடுத்தேனா, மறுபடியும் குறி வைக்கிற முள்ளைக் கையில் எடுத்தேனா என்று எனக்குத் தெரியவில்லை. போசி என் பக்கத்தில் மூடி திறந்தபடி கவிழ்ந்திருக்கிறது, உள்ளே காய்ந்துவிட்டது. பள்ளிக்கூடத்து மத்தியான மணி எங்கள் வீடுவரைக்கும் கேட்கும். இன்னும் அடிக்கவில்லை.